வயசானா அப்படித்தான் என்று சொல்வதை நிறுத்துங்கள்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2024 அக்டோபரில். வெயிலுக்குப் பலியானவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. செத்த பிறகு என்ன கொடுப்பது என்பதில் அரசுக்குக் குழப்பம் இல்லை. உயிரோடு வேலைக்குப் போய் வருகிறவர்களை எப்படிக் காப்பது என்பதை, பங்குனி பிறந்ததும் மாவட்ட நிர்வாகங்கள் விடும் வெயில் எச்சரிக்கைதான் சொல்ல வேண்டும். அதில் வழக்கமாக ஒரு பட்டியல் வரும். கைக்குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வெளியில் நின்று உழைப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். நல்லது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருக்கிற பெண், நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பெண், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகம் சிவந்து ரவிக்கை நனைகிற பெண், அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறாள்? எந்த வரியிலும் இல்லை.

கைதவறி விட்டுப்போன வரி என்று இதை விட்டுவிட முடியாது. ஆண்டுதோறும் அதே பட்டியல், அதே இடைவெளி. வெயிலைப் பேரிடர் என்று சொல்லிவிட்டு, வெயிலை உடம்புக்குள்ளேயே சுமக்கிறவளை எண்ணாமல் விடுவது அலட்சியம். மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் தொழிற்சாலை நிர்வாகங்களும் இந்த அலட்சியத்தில் சம பங்காளிகள். இதைக் கண்டிக்கிறோம். திருத்தச் சொல்கிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டை வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். சென்னைக்காரர்கள் குடிக்கிற கிருஷ்ணா நீர் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்த வழியாகத்தான் பூண்டி ஏரிக்குப் போகிறது. கடற்காற்று வந்து சேர்வதற்குள் சூடேறிவிடும் தூரம். இதே மாவட்டத்துத் திருத்தணி, கோடையில் மாநிலத்தின் உச்ச வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும். 40 டிகிரி அங்கே பெரிய செய்தி இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் வெப்பமானி சற்றுக் குறைத்துக் காட்டலாம். ஆனால் கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது காயாது, வழிந்துகொண்டே இருக்கும்.

இந்த வெயிலில் இங்கத்துப் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள்? விடியுமுன் பேருந்து நிலையத்திலும் கிராமத்து முக்குகளிலும் நின்று கம்பெனி வண்டி ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கும் போகிறார்கள். தை தொடங்கி ஆனி மழை வரும்வரை செங்கல் சூளைகளில் மண் குழைக்கிறார்கள், கல் அறுக்கிறார்கள், அடுக்குகிறார்கள். சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறார்கள். நூறு நாள் வேலையில் ஏரி, கால்வாய் தூர் வாருகிறார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் பெண்கள். அதிலும் நடு வயது தாண்டியவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பெருமைதான். ஆனால் கம்பெனி வாசலில் நின்று வயதைக் கொஞ்சம் கவனியுங்கள். லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். அவர்களுடைய அம்மா வயதுக்காரர்கள் எங்கே? ஹவுஸ்கீப்பிங்கில் துடைப்பத்தோடு, பேக்கிங்கில் அட்டைப் பெட்டியோடு, கேன்டீனில் அண்டாவுக்கு முன்னால். முக்கால்வாசி கான்ட்ராக்ட் ஆட்கள். குளிர்சாதனம் இருக்கிற கூடத்துக்குள் அவர்களுக்கு வேலை இல்லை. கழிப்பறையிலும் முற்றத்திலும் அடுப்பங்கரையிலும்தான் வேலை. இருநூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அண்டாவின் ஆவி ஒரு பக்கம், தகரக் கூரையின் அனல் இன்னொரு பக்கம், உள்ளிருந்து கிளம்புகிற சூடு மூன்றாவது பக்கம். மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கிற பெண்ணைக் கம்பெனியிலேயே அதிகச் சூடான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். திட்டமிட்டு யாரும் செய்யவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். யாரும் யோசிக்கவில்லை என்பதும் உண்மை.

உடம்பில் நடப்பது என்ன என்று மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம். மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. உடம்பின் சூட்டைக் கட்டிக்காப்பது அதன் வேலை. உடம்புச் சூடு ஓர் எல்லைக்குள் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. எல்லை தாண்டினால்தான் வேர்க்க வைக்கும், அல்லது நடுங்க வைக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையத் தொடங்கும்போது அந்த எல்லை சுருங்கிவிடுகிறது. சில பெண்களுக்கு எல்லை என்று ஒன்றே இல்லாத அளவுக்குச் சுருங்குகிறது. ஒரு டம்ளர் சூடான டீ, ஒரு மாடிப்படி, ஒரு வாக்குவாதம், சாத்திய ஜன்னல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். தோலின் ரத்தக் குழாய்கள் குபீரென்று விரிகின்றன, நெஞ்சு படபடக்கிறது, வேர்வை கொட்டுகிறது. ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை. பிறகு உடம்பு சில்லிட்டு நடுக்கம். டீயும் படிக்கட்டுமே போதுமென்றால் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரவிலும் இதே கதைதான். நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு, மின்சாரம் போனால் விசிறி நின்ற கூரைக்கடியில் விழித்துக் கிடந்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து வண்டி பிடிக்கிற பெண்ணின் கண்ணெரிச்சலும் எரிச்சலும் இங்கிருந்து வருபவை. இது எத்தனை நாள் நீடிக்கும்? அடிக்கடி இந்த அனல் வருகிற பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு 2015-ல் சொன்ன நடுக்கணக்கு 7.4 ஆண்டுகள். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேற்கத்திய நாடுகளில் 51. ஆக நம் பெண்களுக்கு இது சீக்கிரம் தொடங்குகிறது. உழைக்கிற வயதின் நட்டநடுவில், மகள் கல்யாணக் கடனும் மகன் காலேஜ் கட்டணமும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கிற நேரத்தில்.

இந்தப் பெண் யாரிடம் போய்ச் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்று. சூபர்வைசர், "இன்னாக்கா, எத்தினி தபா எழுந்து போவ?" என்று கேட்டுவிட்டு, காரணம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறார்: வயசானா அப்படித்தான். வீட்டுக்காரர் புரண்டு படுத்துச் சொல்கிறார்: வயசானா அப்படித்தான். வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் அடுத்த சீட்டைக் கூப்பிட வேண்டிய டாக்டரும், ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அதையேதான் சொல்கிறார். முதல் இருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். மூன்றாமவர் படித்தவர். அவர் அப்படிச் சொல்வதை மன்னிக்க முடியாது.

ஏனென்றால் வைத்தியம் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சைதான் இதற்கு இன்றுவரை உள்ளவற்றில் நன்றாகக் கேட்கிற மருந்து. கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2002-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் கிளப்பிய மார்பகப் புற்றுநோய் பயத்தில் உலகம் முழுக்க டாக்டர்கள் அதை எழுதவே தயங்கினார்கள். அதற்குப் பிறகு கணக்கு தெளிவாகிவிட்டது. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருக்கிற, வேறு நோயில்லாத பெரும்பாலான பெண்களுக்கு அபாயத்தை விட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த மருந்துகளின் மேல் ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. அவர்களுக்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. மன அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவில், கேபாபென்டின் போன்றவை இந்த அனலைக் குறைக்கின்றன. எல்லாமே டாக்டர் பார்த்து, கேட்டு, எழுத வேண்டியவை. மருந்துக் கடையில் நேரே வாங்கக் கூடியவை அல்ல. டாக்டர் கேட்கவே இல்லையென்றால் யார் எழுதுவது? உடம்புச் சூட்டைத் தணிக்கும் லேகியம் என்று வாரச்சந்தையில் மைக் வைத்து விற்கிறவர் ரொம்ப அன்பாகக் கேட்கிறார். அவருடைய வியாபாரத்துக்கு இடம் விட்டது யார் என்று சுகாதாரத் துறை யோசிக்கட்டும்.

வேர்வை என்றால் எல்லாமே மாதவிடாய் நிற்பதால்தான் என்று முடிவு கட்டுவதும் இதே அலட்சியத்தின் இன்னொரு முகம். தைராய்டு அதிகமானாலும் படபடப்பும் வேர்வையும் வரும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்கு வந்தவளுக்குச் சர்க்கரை இறங்கினாலும் வேர்க்கும். ராத்திரி வேர்வையோடு இருமலும் எடை குறைவும் சேர்ந்தால் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து மறுபடி உதிரம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் வேலை செய்கிற இடத்தில் அனல் சில நிமிடத்தில் தணியாமல், வாந்தி வந்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிட வேண்டும். கேட்கிற டாக்டருக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். வயசானா அப்படித்தான் என்கிற ஒரே வாக்கியத்துக்குள் இவை அத்தனையும் புதைந்துபோகின்றன.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். உண்மையிலேயே நல்ல திட்டம். கிராமத்துப் பெண்கள் பலருக்குத் தங்களுக்கு பிரஷர் இருப்பதே இதனால்தான் தெரிய வந்தது. ஆனால் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் வாசலில் உட்கார்ந்து கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ஊழியர், மாதவிடாய் எப்படி வருகிறது, ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்டு எழுதுவதற்குக் கையிலிருக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டாமா? இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிரஷருக்கு அதிகம் தரப்படும் அம்லோடிபின் மாத்திரைக்கே முகம் சிவந்து அனலடிக்கிற பக்கவிளைவு உண்டு. நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரைகள் வெயிலில் உடம்பை இன்னும் வற்றவைக்கும். மாத்திரையைக் கொடுக்கிறவர் கேட்காவிட்டால், அனலுக்குக் காரணம் வயதா, வெயிலா, மாத்திரையா என்று அந்தப் பெண் எப்படிப் பிரித்தறிவாள்? பெரும்பாலும் அவளே மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். பிரஷர் ஏறுகிறது.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எச்சரிக்கையின் முதல் வரியில் அச்சடிக்கிறீர்களே, குடித்த தண்ணீரை எங்கே கழிப்பது? சூளையில் பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று வட்டாட்சியர் ஒருநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வரட்டும். ஏரி வேலையில் கருவேலம் புதர்தான் கதி. கம்பெனிக்குள் கழிப்பறை உண்டு, ஆனால் போய் வர இத்தனை நிமிடம் என்று கண்காணிப்பும் உண்டு. அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்துக்கு மேல், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்ப்பாதையும் வறண்டு, தொற்று எளிதாக வருகிறது, அவசரமும் அதிகமாகிறது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எரிச்சல், குடித்தால் போக இடமில்லை. கழிப்பறை கட்டாதவர்கள் தண்ணீர் குடிக்கச் சொல்லி அறிவுரை வழங்குவதை நாம் ஏற்க முடியாது.

சட்டத்தில் இதெல்லாம் புதிதாக எழுத வேண்டியதும் இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. வேலைக்கூடத்தில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும். நின்று வேலை செய்கிறவர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும். 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். கடைகளில் நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் தனியாகவே சட்டம் திருத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டன. காற்றோட்டம், வெப்பநிலை, குடிநீர், கழிப்பறை, இருக்கை எல்லாம் புதிய தொகுப்பிலும் முதலாளியின் பொறுப்புதான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இந்த வசதிகளைத் தர வேண்டியது முதன்மை நிறுவனமே. கான்ட்ராக்டரைக் கைகாட்டித் தப்ப முடியாது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் நிழல், குடிநீர், முதலுதவிப் பெட்டி மூன்றும் இருந்தன. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்து, பெயரும் மாறியது, நாள் கணக்கும் 125 ஆனது. பழைய சட்டம் இருந்த காலத்தில் ஏரிக்கரையில் நிழல் என்று எழுதியிருந்தது வேப்பமரத்தைத்தான் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

புதிய தொகுப்புகளை அறிவித்தபோது மத்திய அரசு சொன்ன ஒன்றை நாம் இறுகப் பிடித்துக்கொள்கிறோம். நாற்பது வயது தாண்டிய எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனையை முதலாளி செய்துதர வேண்டும் என்பது அது. நாற்பது வயது! மாதவிடாய் தடுமாறத் தொடங்குகிற வயதும் அதுதான். அந்தப் பரிசோதனையில் எடை, பிரஷர், சர்க்கரை, கண் என்று ஆணுக்குப் பார்ப்பதையே பெண்ணுக்கும் பார்த்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அது சடங்கு. பெண் தொழிலாளிக்கு மாதவிடாய் பற்றிய கேள்விகள், ரத்த அளவு, தைராய்டு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, அனலும் தூக்கமும் பற்றிய கேள்விகள் அதில் இருக்க வேண்டும். கேட்பது ஒரு பெண் டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்க வேண்டும். அந்தச் சீட்டு மேலாளரின் மேசைக்குப் போகக் கூடாது. மாநில விதிகளில் இது வரிக்கு வரி இடம்பெற வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவது பற்றியும் இங்கே பேசாமல் இருக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களில் ஆயிரக்கணக்கானோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது எண்பத்திரண்டாயிரம் பெண்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்கிற ஏற்பாடும், பயமுறுத்திப் பணம் பறித்த தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து செய்த வேலை. பீட் எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நாட்டில் கர்ப்பப்பை நீக்கம் மிக அதிகமாக நடக்கிற மாநிலங்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது ஆந்திராவையும் தெலங்கானாவையும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டுக்கு மேல். நாட்டின் சராசரி மூன்றை ஒட்டி. ஊத்துக்கோட்டையில் பெண் கொடுத்து எடுப்பது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் எல்லை தாண்டித்தான். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் மெல்ல வராது. ஒரே நாளில், முப்பத்தைந்து வயதிலும் வரும், இன்னும் கடுமையான அனலோடு. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எல்லைப்புற வட்டங்களில் அந்த உத்தரவு எப்படி நடக்கிறது என்று மாவட்ட மருத்துவ அதிகாரிகள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

வெயிலும் பெண்ணுடம்பும் பற்றி ஆராய நம்மிடம் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைகிற அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024-ல் வெளியிட்டது. உலகமே எடுத்துப் பேசிய ஆய்வு. கர்ப்பிணி அந்த எச்சரிக்கைப் பட்டியலில் இருப்பதற்கு இப்படிப்பட்ட கணக்குகள் பலம் சேர்க்கின்றன. பிள்ளை சுமக்கிற வரைக்கும் பெண்ணுடம்புக்கு அறிவியலும் அரசும் கணக்கு வைக்கின்றன. அந்தக் காலம் முடிந்ததும் ஏட்டை மூடிவிடுகின்றன. கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளையும் ஊத்துக்கோட்டையின் சூளைகளையும் வைத்து இதே மாதிரி ஓர் ஆய்வை நடுவயதுப் பெண்களிடம் நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்டால் நாற்பது தாண்டினவளே வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் முடிவெடுத்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அக்கறையோடு சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பெனிகள் ஏற்கெனவே அப்படித்தான் முடிவெடுத்திருக்கின்றன. லைனில் வயதானவர்களைக் காணோமே! நாம் கேட்பது மாதக்கணக்கில் லீவு இல்லை. விசிறிக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை. அனல் கிளம்பினால் யாரிடமும் காரணம் சொல்லாமல் பத்து நிமிடம் போய் உட்கார உரிமை. பாலியஸ்டர் கோட்டுக்குப் பதிலாகப் பருத்திக் கோட்டு, நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. கேன்டீனில் புகையையும் ஆவியையும் இழுத்து வெளியே தள்ளும் விசிறி. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளிமுற்றத்துத் துப்புரவை நிறுத்திக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவது. ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று இந்த வயதுக்காரி சொன்னால், கேள்வி கேட்காமல் மாற்றித் தருவது. இவற்றில் எது ஒரு கம்பெனியை நட்டத்தில் தள்ளும்? உலைக்கு முன்னால் நிற்கிற ஆணுக்கும் இதே நிழலும் தண்ணீரும் விசிறியும்தான் உயிர் காக்கும்.

இங்கிலாந்தில் மாதவிடாய் நிறுத்தத்தின் தொல்லைகள் ஒரு பெண்ணின் அன்றாட வாழ்வை நீண்ட காலத்துக்குப் பெரிதாகப் பாதித்தால், 2010 சமத்துவச் சட்டப்படி அதை உடற்குறைபாடாகக் கருதலாம், வேலையில் நியாயமான மாற்றங்களைச் செய்துதருவது முதலாளியின் கடமை என்று அந்நாட்டுச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வெயிலையே ஆசையாகத் தேடிப் போய்ப் படுக்கிற நாடு அது. அங்கே பேசுகிறார்கள். கத்திரி வெயிலுக்கென்று நாள் குறித்துப் பஞ்சாங்கத்தில் போடுகிற நாம் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் சொல்ல இருக்கிறது. போனஸ், நிரந்தரம், சம்பளம் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் வருகின்றன. கழிப்பறையும் ஓய்வறையும் கடைசியில், நேரம் இருந்தால். பெண்கள் நிறைந்த தொழிற்பேட்டையில் சங்கத்து மேடையில் பெண் எத்தனை பேர் என்று பார்த்தால் காரணம் விளங்கும். வீட்டு ஆண்களுக்கு நீண்ட உபதேசம் எதுவும் வைத்திருக்கவில்லை. ராத்திரி அவள் எழுந்தால் நீங்களும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்; காலையில் டிபன் பாக்ஸை நீங்கள் கட்டுங்கள்.

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரிடம் நாம் எதிர்பார்ப்பது இது. அடுத்த பங்குனியில் வருகிற வெயில் எச்சரிக்கையில் மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் என்ற வரி இருக்க வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் போதாது. எல்லையோரத்தில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்திருப்பவர்களுக்கும் அவரவர் மொழியில் போய்ச் சேர வேண்டும். தொழிலகப் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் சித்திரை பிறக்கும் முன் இரண்டு சிப்காட்டிலும் கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், பேக்கிங் பகுதிகளுக்குள் நுழைந்து வெப்பநிலையை அளக்க வேண்டும். அளந்ததை வாசலில் ஒட்ட வேண்டும். சூளைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது பெண்கள் கழிப்பறையையும் கூரைபோட்ட நிழலையும் நேரில் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இஎஸ்ஐ மருந்தகங்களில் இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும்; சந்தா பிடிக்கிறார்கள், அதற்குரிய கவனிப்பும் வேண்டும். 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவத் துறை இருக்கிறது. பயிற்சி பெறும் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரு பெண் டாக்டர் ஊத்துக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு வந்து மாதவிடாய் நிறுத்தத்துக்கென்றே தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்வது ஆட்சியர், கல்லூரி முதல்வர் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டி திரும்புகிற நேரத்துக்கு ஏற்றாற்போல் அந்தப் பிற்பகல் நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிவரை நடக்க வேண்டும். எந்தக் கிழமை என்பதைப் பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடைகளிலும் பெரிய எழுத்தில் எழுதிப்போட வேண்டும். அதுவரை, திங்கள்தோறும் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிக் கொடுக்கும்படி வட்டத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். மனு எண்ணை வாங்காமல் திரும்ப வேண்டாம்.